வானத்தில் பறந்த பொறியும் கண்ணில் பறந்த பொறியும்

எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? எங்கள் பாட்டி, "உடனே திரும்பி ஒரு பச்சை மரத்தைப் பாரு" என்பாள். மரம் கண்ணில் படாவிட்டால் ஐந்து பூக்களின் பெயரைச் சொல்ல வேண்டும். மல்லி, முல்லை, சாமந்தி, ரோஜா, கனகாம்பரம் என்று நாங்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தால் அங்கே சட்டம் வேறு. பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் விளக்கேற்ற வேண்டும். பம்பாயில் வளர்ந்த என் நாத்தனாரோ, "மனசுக்குள்ளே ஏதாவது வேண்டிக்கோங்க அண்ணி, நடக்கும்" என்பாள். பாருங்கள், விழுவது என்னவோ ஒரே பொருள்தான். ஒரு வீட்டுக்கு அது சாபம், இன்னொரு வீட்டுக்கு அது வரம்!

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு நம்பிக்கை ஓர் உயிரின் குறுக்கே வந்து நிற்கும்போது சிரிக்க முடிவதில்லை. அப்படி ஒரு சம்பவத்தைக் கண்ணெதிரே பார்த்தவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். மாசமாக இருக்கும் பெண்களும், அவர்களை வைத்துக் காப்பாற்றும் மாமியார், அம்மாமார்களும் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் ஊர் வானம்

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். தியாகராஜ சுவாமியும் வடிவுடையம்மனும் குடியிருக்கும் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வேன். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் வானம் ஒருநாளும் முழுதாக இருட்டுவதில்லை என்று. மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாயில் எரியும் நெருப்பு. தெற்கே துறைமுகத்து விளக்குகள். வடக்கே எண்ணூரின் புகைபோக்கிகள். கிழக்கே மட்டும் கடல். அங்கேயும் கட்டுமரமும் விசைப்படகும் அங்கங்கே மினுக்கிக்கொண்டிருக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராத்திரி வேளையில் ராக்கெட் விட்டால் வடக்கே ஒரு தீ எழும்பிப் போவதும் எங்களுக்குத் தெரியும். தெருப் பிள்ளைகளெல்லாம் மாடிக்கு ஓடி வந்து கை தட்டுவார்கள்.

ஆகவே எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் முதலில் வருவது பக்தியும் இல்லை, பாட்டி சொன்ன பூக்களும் இல்லை. "எந்தத் தொட்டி வெடிச்சுதோ?" என்ற பயம்தான். புருஷன் எந்த ஷிப்டு, பிள்ளை எங்கே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது - இந்த மூன்று கேள்வியும் ஒரே சமயத்தில் நெஞ்சில் வந்து நிற்கும்.

வானத்திலிருந்து விழுவதைப் பற்றிய பயத்துக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1979-ஆம் வருடம் ஜூலை மாதம் 'ஸ்கைலாப்' விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அமெரிக்கா 1973-ல் ஏவிய 77 டன் விண்வெளி ஆய்வுக்கூடம் அது. எங்கே விழும் என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நான் அப்போது ராயபுரத்தில் அப்பா வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா நகைகளை மூட்டை கட்டி இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "தலையிலே விழுந்தா நகை எதுக்கும்மா?" என்று என் அப்பா கேட்டதற்கு, "விழாம பக்கத்திலே விழுந்தா?" என்றாள்! ஜூலை 11-ஆம் தேதி நம் ஊர்க் கணக்குக்கு இரவு பத்து மணி சுமாருக்கு அது பூமிக்குள் நுழைந்து, இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப் பக்கமும் துண்டு துண்டாக விழுந்தது. யாருக்கும் காயமில்லை. மறுநாள் காலை எல்லாரும் இட்லி சாப்பிட்டோம்.

குழாயடியில் கண்ட தீப்பந்து

இனி 1998-க்கு வருகிறேன். நவம்பர் 17-ஆம் தேதி விடியற்காலை. கார்த்திகை பிறந்த சமயம். மாலை போடும் ஐயப்பமார்கள் நாலு மணிக்கே எழுந்து குளிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கு அந்த நேரத்துக்கு எழுந்திருக்க மாலை தேவையில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வருவதே அப்போதுதான்! குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம்.

நாலரை மணி இருக்கும். பளீரென்று யாரோ வானத்தில் டார்ச் லைட் அடித்த மாதிரி தெருவே வெளுத்தது. ஈரத் தரையில் எங்கள் நிழல்கள் விழுந்து, சட்டென்று ஒரு பக்கமாக நகர்ந்தன. அண்ணாந்து பார்த்தால், கிழக்கு உச்சியிலிருந்து மேற்கே மணலியைப் பார்த்து ஒரு தீப்பந்து ஓடுகிறது. பச்சையும் நீலமும் கலந்த நிறம்; ஓரத்தில் ஆரஞ்சு. இரண்டு விநாடிகூட இருக்காது. கடைசியில் ஒருதரம் வெடித்தாற்போலப் பிரகாசித்து அணைந்தது. சத்தம் என்று எதுவுமே இல்லை. அந்த நிசப்தம்தான் எங்களை அதிகம் கதிகலங்க வைத்தது.

பந்து போய்விட்டது, அது போன வழி போகவில்லை! கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் இழுத்த கோடு மாதிரி ஒரு வெள்ளைத் தடம் அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல வளைந்து, நெளிந்து, பால் கலைவதைப் போலக் கலைந்தது. அதற்குள் ஒருத்தர் குடமாவது நிரம்பி வழிந்திருக்கும். யாரும் கவனிக்கவில்லை.

"ஐயோ, டேங்கு போச்சு!" என்று எதிர்வீட்டு மீன்கார ஆயா முதலில் மணலிப் பக்கம் பார்த்தாள். அங்கே வழக்கமான நெருப்பு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. "இல்ல, டேங்கு இல்ல. கடலுக்குப் போனவங்க நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் காசிமேட்டிலிருந்து படகேறிப் போயிருந்தார்கள்.

நான் அவர்களுக்குச் சொன்னேன்: "ஆயா, பயப்படாதீங்க. எரிநட்சத்திர மழை வரப்போவுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். ஆனா நாளைக்கு ராத்திரின்னுதான் போட்டிருந்தான்." நான் பேசி முடிப்பதற்குள் இன்னொன்று ஓடியது. பிறகு இன்னொன்று. விடிவதற்குள் பெரிதும் சின்னதுமாகப் பதினைந்துக்கு மேல் எண்ணினோம். தண்ணீர் நின்றுபோயிற்று; நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

எங்கள் பக்கத்துப் போர்ஷனில் இருந்த பெண்ணும் அன்று குழாயடியில் நின்றாள். முதல் பிரசவம், எட்டாவது மாதம். தாய் இல்லாத பெண். அதனால் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக ஆளில்லாமல் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். அவள்தான் எல்லாரையும்விட அதிகமாக ரசித்தாள். "அக்கா, அதோ பாருங்க, அதோ!" என்று குழந்தை மாதிரி குதூகலித்தாள். உள்ளேயிருந்து அவள் மாமியார் ஓடி வந்து, அவள் கண்ணைத் தன் கையால் பொத்தி, "பிள்ளைத்தாச்சி பார்க்கிற காட்சியாடி இது?" என்று வீட்டுக்குள் இழுத்துப்போனார். அப்போது அது எங்களுக்குச் சாதாரணமாகத்தான் பட்டது.

அது என்ன, ஏன் அன்று வந்தது?

நட்சத்திரம் எதுவும் விழுவதில்லை. விழுவது வெறும் தூசியும் பொடிக்கல்லும். வால் நட்சத்திரங்கள் சூரியனைச் சுற்றிப் போகும்போது, மண் லாரி போன தெருவில் மணல் சிந்திக் கிடப்பதைப் போலத் தங்கள் பாதை நெடுகத் துகள்களைச் சிந்திவிட்டுப் போகின்றன. அந்தப் பாதையைப் பூமி கடக்கும்போது துகள்கள் நம் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்து, சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்திலேயே எரிந்துவிடுகின்றன. வெள்ளிக் கிரகத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் அதற்குத் தீப்பந்து என்று பெயர்.

அன்று நாங்கள் பார்த்தது 'லியோனிட்' என்ற கூட்டம். சிம்ம ராசி மண்டலத்தில், மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து புறப்படுவது போலத் தோன்றுவதால் அந்தப் பெயர். இதற்குத் தாய், 33 வருடத்துக்கு ஒருமுறை வரும் டெம்பிள்-டட்டில் என்ற வால் நட்சத்திரம். அது 1998 பிப்ரவரியில்தான் சூரியனை நெருங்கிச் சென்றிருந்தது. வேகம் விநாடிக்கு 71 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரே விநாடி! அந்த வேகத்தில் வந்தால் ஒரு கோலிக்குண்டு அளவு கல்கூடத் தெருவையே வெளுக்க வைத்துவிடும்.

விஞ்ஞானிகள் உச்சம் என்று குறித்திருந்தது 17-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின். ஆனால் தீப்பந்துகள் மட்டும் அதற்குப் பதினாறு மணி நேரம் முன்கூட்டியே, உலகின் பல பாகங்களிலும் கொட்டித் தீர்த்துவிட்டன. காரணத்தைப் பின்னால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். 1333-ஆம் வருடம் அந்த வால் நட்சத்திரம் சிந்திய சற்றே பெரிய கற்கள், வியாழன் கிரகத்தின் ஈர்ப்பினால் கலையாமல் ஒரே கூட்டமாக இருந்தனவாம். நம் ஊரில் பாண்டியர்கள் காலம் முடிந்த சமயத்தில் சிந்திய கல், எங்கள் குழாயடிக்கு மேலே வந்து எரிந்திருக்கிறது! பேப்பரைப் படித்துவிட்டு மறுநாள் ராத்திரி பாயும் தலையணையுமாக மாடிக்குப் போன எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் ஒன்றிரண்டு கோடுகளைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் பிடிக்க எழுந்த பெண்களுக்குத்தான் தரிசனம் கிடைத்தது.

சென்னைக்கும் எரிநட்சத்திரத்துக்கும் பழைய உறவு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி வானியல் நோக்குக்கூடம் கட்டியது. 1861-லிருந்து அங்கே அரசாங்க வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்ஸன். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் பயன்படும் அளவுகோலை 1856-ல் வகுத்துக் கொடுத்தவர் அவர். 1872 நவம்பர் 27-ஆம் தேதி ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. உடைந்துபோன பீலா என்ற வால் நட்சத்திரத்தின் சிதறல் அது. உடனே ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர், "பீலா பூமியை உரசிவிட்டது, அங்கே தேடிப் பாருங்கள்" என்று சென்னைக்குத் தந்தி அடித்தார். மேகம் விலகிய இடைவெளியில், டிசம்பர் 2-ஆம் தேதி போக்ஸன் சொன்ன இடத்துக்கு அருகில் ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்தும்விட்டார். அது பீலா இல்லை, வேறொன்று என்று பின்னால் கருதினார்கள். அது கிடக்கட்டும்; உலகமே தந்தி அடித்துக் கேட்கும் இடமாக நம் நுங்கம்பாக்கம் இருந்தது பெருமைதானே!

அதே கூடத்தில் போக்ஸனின் மகள் ஐஸிஸ் 1873 முதல் இருபத்தைந்து வருடங்கள் உதவியாளராக உழைத்தாள். வானியல் கணக்குகளோடு சென்னை மாகாணத்தின் வானிலைப் பணியையும் பார்த்தாள். 1886-ல் லண்டனின் ராயல் வானியல் கழகத்துக்கு அவள் பெயரை முன்மொழிந்தபோது, கழகத்தின் சாசனத்தில் ஆண்பாலில்தான் எழுதியிருக்கிறது என்று சட்டம் பேசித் தட்டிக்கழித்துவிட்டார்கள். 1920-ல்தான் அவளுக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது. வானத்தைப் பார்க்கக் கூடாது என்று பெண்ணின் கண்ணைப் பொத்துவது நம் தெருவில் மட்டும் இல்லை போலிருக்கிறது!

"கண்ணு முன்னால பொறி பறக்குது அக்கா"

தீப்பந்து விழுந்து பத்து நாள் ஆகியிருக்கும். கொடியில் துணி காயப்போட வந்த அந்தப் பெண், கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "தலை பிளக்குது அக்கா. கண்ணு முன்னால பொறி பொறியா பறக்குது. அன்னைக்கு வானத்துல பறந்துச்சே, அதே மாதிரி" என்றாள்.

அவள் மாமியார் காதில் இது விழுந்ததுதான் தாமதம். "நான் சொல்லலே? கண்ணுல வந்து இறங்கிடுச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கே மந்திரித்த கயிறு வந்தது, விபூதி வந்தது. ஜன்னலைச் சாத்தி, இருட்டறையில் மூன்று நாள் படுக்க வைக்க வேண்டும், வானம் கண்ணில் படக் கூடாது என்று எவரோ சொன்னார்களாம். ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த தேதிக்கும் போகவில்லை. "இந்த நேரத்துல வாசப்படி தாண்டக் கூடாது" என்று நிறுத்திவிட்டார்கள். கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "மாசமா இருக்கிறவளுக்கு நீர் இறங்கறது சகஜம்தானேம்மா" என்று பதில் வந்தது.

கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் அவள் முகம் வீங்கியிருந்தது. கண்ணிமை கனத்திருந்தது. கண்ணாடி வளையல் மணிக்கட்டில் பதிந்து நின்றது. அதை முதலில் பார்த்தவள் மீன்கார ஆயா. கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, அவள் முகவாயைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, மூஞ்சி இப்டி ஊதிக்கினு கீது? கண்ணுல பூச்சி பறக்குதுன்றே, தலைய வலிக்குதுன்றே... எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். மாமியார் தடுத்தார். ஆயா குரலை உயர்த்தவில்லை. "தோ பாரு தங்கச்சி. என் தங்கச்சி மவளுக்கும் இப்டிதான் இருந்துது. நாங்க வேப்பில அடிச்சிக்கினு இருந்தோம். ஜன்னி கண்டு பூட்டா. வவுத்துப் புள்ளயோட பூட்டா. அன்னிக்கு வானத்துல ஒண்ணும் விழல" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு யாரிடமும் பதில் இல்லை. நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். புருஷன் வேலையில் இருந்தான். அவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நானும் ஆயாவும் அவளை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு ராயபுரத்துக்கு, அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை.

அங்கே ஒரு நர்ஸம்மா பிரஷர் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். 170/110. சிறுநீரைச் சூடு பண்ணிப் பார்த்ததில் ஆல்புமின் நிறைய. டாக்டரம்மா எங்களைப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் வலிப்பு வந்திருக்கும். இரண்டு உயிருக்கும் ஆபத்து" என்றார். கண்ணில் பறந்த பொறிக்கும் வானத்தில் பறந்த பொறிக்கும் சம்பந்தமே இல்லை. ரத்த அழுத்தம் ஏறி மூளையையும் கண்ணையும் தாக்குவதால் வரும் எச்சரிக்கை அது. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டார்கள். எரிநட்சத்திரத்தின் பச்சை நிறத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அதிலுள்ள மக்னீசியம்தான் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் குறைவு. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தாள்.

மாமியாரின் கதை

அந்த அம்மாளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கார்த்திகைப் பௌர்ணமிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் ஆதிபுரீசுவரருக்குக் கவசம் களைந்து மூன்று நாள் தரிசனம் உண்டு. அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டு தானாகவே சொன்னார். 1965-ல் ஐப்பசி மாதம் விடிகாலையில் கீழ்வானத்தில் நீண்ட வாலோடு ஒரு வால் நட்சத்திரம் தெரிந்ததாம். இக்கேயா-செக்கி என்ற பிரசித்தி பெற்ற வால் நட்சத்திரம் அது. அப்போது இவருக்கு இருபது வயது, தலைச்சன் பிள்ளை வயிற்றில். பார்த்தார்; குழந்தை இறந்தே பிறந்தது. "நீ பார்த்தே, அதான்" என்று அவருடைய மாமியார் சொன்னதை முப்பத்துமூன்று வருஷம் நெஞ்சில் சுமந்திருக்கிறார். "எனக்கும் கால் வீங்கித்தான் இருந்துச்சும்மா. தலைவலியும் இருந்துச்சு. யாரு பிரஷர் பார்த்தாங்க அப்போ?" என்றார். மருமகள் கண்ணைப் பொத்திய கை, தன் மேல் விழுந்த பழி அவள் மேல் விழக் கூடாது என்று பொத்திய கை. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? கையைப் பிடித்துக்கொண்டேன்.

வானத்தின் மேல் பழி போடுவது சுலபம். படித்தவர்களும் செய்வார்கள். 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்தது என்றே அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். விண்கல் மனிதர் மேல் பட்டதாக நன்றாகப் பதிவான சம்பவம் 1954 நவம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் அலபாமாவில் நடந்தது. ஆன் ஹாட்ஜஸ் என்ற பெண்மணி மத்தியானம் சோபாவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, கிட்டத்தட்ட நாலு கிலோ கல் கூரையைப் பொத்துக்கொண்டு வந்து, ரேடியோ பெட்டியில் மோதித் துள்ளி, அவர் இடுப்பில் விழுந்தது. பெரிய காயச் சிராய்ப்போடு பிழைத்துக்கொண்டார். மத்தியானத் தூக்கத்துக்கு விரோதிகள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள் பாருங்கள்!

வீட்டுக்கு உதவும் குறிப்புகள்

முதலில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு. ஐந்தாம் மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் இந்த ரத்த அழுத்தக் கோளாறு வரலாம். முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே பிரஷரோ சர்க்கரையோ உள்ளவர்கள், தாய்க்கோ அக்காவுக்கோ வந்திருந்தவர்கள் - இவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பிரஷரும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அலட்சியம் கூடாது.

விடாத தலைவலி, கண் முன் பொறி பறப்பது அல்லது பார்வை மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல் வயிற்றில் வலி, வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது - இதில் எது வந்தாலும் அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராகு காலம் பார்க்க வேண்டாம். 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும், ஓய்வெடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பிரசவம் ஆன பிறகும் சில வாரங்கள் வரை இது வரக்கூடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். கயிறு கட்டுவதும் விபூதி பூசுவதும் மனசுக்குத் தெம்பு தருமானால் தாராளமாகச் செய்யுங்கள். ஆட்டோவில் போகும் வழியில் செய்யுங்கள்!

அடுத்து, வானத்தில் தீயைப் பார்த்தால். ஓரிரு விநாடியில் ஓடி மறைந்தால் அது எரிநட்சத்திரம். நிமிஷக் கணக்கில், பல துண்டுகளாக வரிசை கட்டி மெதுவாகப் போனால் பெரும்பாலும் அது பழைய ராக்கெட்டின் மிச்சம். 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் ஒரு சீன ராக்கெட்டின் பாகம் எரிந்து வந்து, சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் விழுந்தது. அப்படி எதைக் கண்டாலும் தொடாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மிகப் பெரிய வெளிச்சமாக இருந்தால் உடனே கண்ணாடி ஜன்னல் பக்கம் ஓடாதீர்கள். வெளிச்சம் முதலில் வரும், அதிர்ச்சி அலை சற்றுப் பிந்தி வரும். 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயம்பட்டது கல்லினால் அல்ல. வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு ஓடியபோது உடைந்து தெறித்த கண்ணாடியினால்.

எங்களைப் போல ஆலைகளின் மடியில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. வெளிச்சத்தைவிட வாசனைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடியதை மறக்க முடியாது. அன்று வானத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. மூக்கை எரிக்கும் நெடி வந்தால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் கிளப்புங்கள்.

மற்றபடி, வானத்தைத் தாராளமாகப் பாருங்கள். மாசமாக இருப்பவர்களும் பாருங்கள்; எந்தக் குழந்தைக்கும் அதனால் ஒரு கெடுதலும் வராது. வருடா வருடம் டிசம்பர் 13, 14 தேதிகளில் 'ஜெமினிட்' என்ற எரிநட்சத்திர மழை உண்டு. மிதுன ராசியிலிருந்து வருவது. நம் ஊரிலிருந்து நள்ளிரவுக்குப் பின் தலைக்கு மேலே தெரியும். டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். மேகமில்லாத இரவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாடி விளக்கை அணைத்துவிட்டுப் பாயை விரித்து இருபது நிமிஷம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். செல்போனை மட்டும் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மீன்கார ஆயா இப்போது இல்லை. அன்று கண்ணாடிப் பெட்டியில் கிடந்த குழந்தை வளர்ந்து, நர்சிங் படித்து, இன்று மாசமாக இருக்கும் பெண்களுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கருவியின் பட்டையைக் கையில் சுற்றும்போது, "கண் முன்னாடி பொறி ஏதாவது பறக்குதா அக்கா?" என்றுதான் முதலில் கேட்பாளாம். இந்தக் கேள்வியை நீங்களும் உங்கள் வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வையுங்கள்.